இடைவெளி எத்தனை மீட்டர்? மலைச்சரிவுக் காவற்காட்டின் கணக்கு

மலேசியாவிலோ கேரளத்திலோ நிலம் சரிந்த செய்தி வந்தால் போதும், நம் வாட்ஸ்அப் குழுக்களில் "மரத்தை வெட்டினால் இப்படித்தான்" என்ற வரி சுற்ற ஆரம்பித்துவிடும். பாதி சரி. வெட்டாமலே விட்டாலும் சரியும் என்பது மீதிப் பாதி. அதைத் தலைமுறை தலைமுறையாகப் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் ஆல்ப்ஸ் மலைக்காரர்கள். டிசம்பர் விடுமுறைக்குச் சுவிட்சர்லாந்தின் டிட்லிஸ் மலைக்குப் போய்வரும் சிங்கப்பூர்க் குடும்பங்களின் படங்களில், ஊருக்கு மேலே செங்குத்தான சரிவில் கரும்பச்சையாக ஒரு காடு தெரியும். தானாக வளர்ந்த காடு மாதிரிதான் இருக்கும். ஆனால் அப்படிப்பட்ட காடுகள் பலவற்றில் எந்த மரம் நிற்கலாம், எது போகவேண்டும், நடுவில் எத்தனை மீட்டர் வெற்றிடம் இருக்கலாம் என்பதெல்லாம் கணக்குப் போட்டு வைத்தது. சுவிட்சர்லாந்தின் மொத்தக் காட்டில் ஏறத்தாழ பாதி இப்படி ஊரையும் சாலையையும் ரயில் பாதையையும் காக்கும் காவற்காடு. அந்தக் கணக்கையும், நம் பக்கத்துச் சரிவுகளுக்கு அதில் எது பொருந்தும், எது பொருந்தாது என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

ஆண்டர்மாட் என்ற சுவிஸ் ஊருக்கு மேலே இருக்கும் காட்டில் யாரும் கை வைக்கக்கூடாது என்று 1397லேயே சாசனம் எழுதி வைத்தார்கள். பனிச்சரிவுக்குப் பயந்துதான். எண்ணம் நல்லது. ஆனால் தடை மட்டும் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காத காடுகளில் சில நூறு ஆண்டுகளில் ஒரு சிக்கல் முளைக்கும். எல்லா மரமும் ஒரே வயதில் கிழடாகும். மேலே கிளைகளின் கவிகை மூடிக்கொள்ளும். அடியில் வெளிச்சமே விழாமல் கன்று ஒன்றுகூடத் தலைதூக்காது. தூரத்திலிருந்து பார்த்தால் அடர்ந்த காடு. ஒரு புயல் அடித்தாலோ பட்டை வண்டு பெருகினாலோ மொத்தச் சரிவும் ஒரே மூச்சில் மொட்டையாகிவிடும். 1990 பிப்ரவரியில் விவியன் புயல் சுவிஸ் மலைக்காடுகளில் இதைச் செய்தது. 2018 அக்டோபரில் வாயா புயல் வடஇத்தாலியில் செய்தது. காவற்காட்டைப் பராமரிப்பவர்களுக்குக் கோடரியைவிட ஒரே வயதுக் காடுதான் பெரிய பயம்.

காடு எதற்கு, இரும்புத் தடுப்பு கட்டிவிட்டால் ஆகாதா? கட்டுகிறார்கள். 1950–51 குளிர்காலத்தில் பனிச்சரிவுகளில் சுவிட்சர்லாந்தில் மட்டும் 98 பேர் இறந்தபின் அந்த வேலை வேகமெடுத்தது. ஆனால் பனித்தடுப்பு வரிசைகளுக்கு ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ பத்து லட்சம் சுவிஸ் பிராங்க் ஆகும். காட்டைப் பராமரிக்கும் செலவு அதில் ஒரு சிறு பங்குதான். அதனால் காடு நிற்கக்கூடிய உயரம்வரை காடு, அதற்கு மேலே இரும்பு என்பதே வழக்கம்.

வேலை தொடங்குவது ஒரே ஒரு கேள்வியிலிருந்து: இந்தச் சரிவில் எந்த ஆபத்து? பனிச்சரிவா, பாறை உருள்வதா, மண் சரிவதா, ஓடைவழியே சேறும் கல்லும் கலந்து வருவதா? அடுத்து, நாம் நிற்கும் இடம் அந்த ஆபத்து கிளம்பும் இடமா, ஓடும் இடமா, வந்து படியும் இடமா? இரண்டுக்கும் பதில் தெரியாமல் மரத்தைத் தொடக்கூடாது, ஏனென்றால் ஓர் ஆபத்துக்கு நல்ல காடு இன்னொன்றுக்கு உதவாமல் போகலாம். சுவிஸ் வனத்துறையினர் 2005 முதல் 'நயிஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் வழிகாட்டியை வைத்து இதைச் செய்கிறார்கள். கீழே வரும் அளவுகளில் பல அதிலிருந்து வந்தவை.

பனியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நமக்குத் தேவைப்படாது. 30 பாகைக்கு மேல் சாய்ந்த சரிவில் பனிப்பாளம் வழுக்கத் தொடங்கும். பசுமை மாறா மரங்களின் கிளைகள் விழும் பனியில் ஒரு பங்கைப் பிடித்துவைத்து, கட்டிகட்டியாகக் கீழே கொட்டும். அதனால் தரையில் ஒரே சீரான பாளம் உருவாவதில்லை. இலையுதிர்க்கும் லார்ச் மரத்துக்கு இந்தத் திறமை குறைவு. சரிவுவாக்கில் மரமில்லாத வெற்றிடம் 30 பாகையில் 60 மீட்டருக்குள் இருக்கவேண்டும். 35இல் 50, 40இல் 40, 45இல் 30 மீட்டர். அதைவிட நீண்டால் அகலம் 15 மீட்டரைத் தாண்டக்கூடாது. இவ்வளவும் காட்டுக்குள்ளேயே கிளம்பும் பனிச்சரிவுக்குத்தான். மரம் வளரா உயரத்திலிருந்து நூறு, இருநூறு மீட்டர் ஓடி வேகம் பிடித்து வருவதைக் காடு தடுக்காது. மரங்களை முறித்துக் கூடவே கொண்டுபோகும்.

பாறைதான் கணக்குப் போட வசதியானது.

40 சென்டிமீட்டர் கல் என்றால் கன அளவு ஏறத்தாழ 0.05 கனமீட்டர், எடை 135 கிலோ. வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 54 கிலோமீட்டரில் வந்தால் அதன் ஆற்றல் சுமார் 15 கிலோஜூல். மார்பளவு உயரத்தில் (தரையிலிருந்து 1.3 மீட்டர்) 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வெள்ளி ஃபிர் என்ற ஊசியிலை மரம், நேருக்கு நேர் மோதினால் 40 கிலோஜூல்வரை தாங்கும். 40 சென்டிமீட்டர் மரம் கிட்டத்தட்ட 195 தாங்கும். விட்டம் இரட்டித்தால் வலு ஐந்து மடங்காகிறது. அதே பருமனில் அகன்ற இலையுள்ள பீச் மரம் ஃபிரைவிட 1.7 மடங்கு தாங்கும், இன்னொரு ஊசியிலை மரமான ஸ்புரூஸ் ஃபிரைவிடக் கொஞ்சம் குறைவு. பாறைச் சரிவில் அகன்ற இலை மரங்களைக் கலந்து வளர்க்கச் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் பெரிய மரங்கள் மட்டும் போதுமே என்று தோன்றும். போதாது. கல் மரத்தில் மோதினால்தானே பயன்? ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் இடையில் கல் சராசரியாக எத்தனை மீட்டர் ஓடும் என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. 10,000 சதுர மீட்டரை, ஹெக்டேரில் உள்ள மரங்களின் எண்ணிக்கையாலும், கல்லின் விட்டத்தையும் மரத்தின் விட்டத்தையும் கூட்டிய தொகையாலும் வகுக்கவேண்டும். 40 சென்டிமீட்டர் கல், 20 சென்டிமீட்டர் மரங்கள், ஹெக்டேருக்கு 400 என்றால் விடை 42 மீட்டர். 250 மீட்டர் நீளக் காட்டில் ஆறு மோதல். 600 மரமானால் 28 மீட்டருக்கு ஒரு மோதல். தடையில்லாமல் 40 மீட்டர் கிடைத்தாலே கல் தன் உச்ச வேகத்தைத் தொட்டுவிடும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், இந்த அளவுக் கல்லுக்கு ஹெக்டேருக்கு 12 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட 400 மரமாவது வேண்டும் என்று வழிகாட்டி சொல்வதன் காரணம் விளங்கும். 40 முதல் 60 சென்டிமீட்டர் கல்லுக்கு 24 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட 300 மரம். அதற்கும் பெரிய பாறைக்கு எண்ணிக்கை குறையும், பருமன் 36 சென்டிமீட்டருக்கு மேல் போகும். ஒரு கனமீட்டர் பாறை 2,700 கிலோ. வினாடிக்கு 20 மீட்டரில் வந்தால் 540 கிலோஜூல். அதை நிறுத்த 40 சென்டிமீட்டர் ஃபிர் மூன்று, மூன்றும் நேர் மோதலாக வேண்டும். நடைமுறையில் பாதிக்குமேல் ஓரத்தில் உரசிக்கொண்டுதான் போகும். ஐந்து கனமீட்டருக்கு மேற்பட்ட பாறைக்குக் காட்டை நம்புவதில்லை. வலை, மண்மேடு, இல்லையென்றால் ஊரையே தள்ளிவைப்பது.

சரிவில் கல்லின் அளவை எப்படித் தெரிந்துகொள்வது? மரமே சொல்லும். மேல்சரிவைப் பார்த்த பக்கத்தில் பட்டை உரிந்த தழும்புகளைத் தேடவேண்டும். முழங்கால் உயரத்தில் மட்டும் இருந்தால் கல் உருண்டு வருகிறது. தலைக்கு மேலே இருந்தால் துள்ளி வருகிறது. பழைய தழும்பின் ஓரம் சதை மூடி உருண்டிருக்கும், புதியதில் பிசின் வடியும். அடியில் கிடக்கும் கற்களில் பாசி படர்ந்தவற்றைத் தள்ளிவிட்டு, முனை கூராக, வெளிறிப்போயிருப்பவற்றை அளந்தால் இப்போது என்ன வருகிறது என்று தெரியும்.

இந்தக் காட்டில் மரத்தை வெட்டும்போதும் ஒரு முறை இருக்கிறது. தடியை வெளியே இழுத்துவரும் கூலி அதன் விலையைவிடக் கூடும் இடங்களில் அங்கேயே கிடத்திவிடுவார்கள். அடிக்கட்டையைத் தரையோடு அறுக்காமல் ஒரு மீட்டருக்கு மேல் உயரமாக விடுவார்கள். விழுந்த தடியைச் சரிவுக்குச் சரியாகக் குறுக்கே போடுவதில்லை. அப்படிப் போட்டால் கற்கள் அதன் பின்னால் குவிந்துகொண்டே போகும். தடி மட்கி உடையும் நாளில் அத்தனையும் சேர்ந்து இறங்கும். சரிவு நேரே கீழிறங்கும் கோட்டுக்கு 70 பாகை அளவில், கொஞ்சம் சாய்த்துப் போட்டால் வரும் கல் பக்கவாட்டில் திரும்பி வேகம் குறையும். தடி உருளாமல் இருக்க, நிற்கும் மரத்துக்கோ உயர்ந்த கட்டைக்கோ மேல்பக்கமாகச் சாய்த்துவைக்கவேண்டும். ஸ்புரூஸ் என்றால் பட்டையை உரித்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் பச்சைப் பட்டைக்குள் வண்டு முட்டையிட்டு அடுத்த கோடைக்குள் பக்கத்து மரங்களுக்குப் பரவும். பீச் தடிக்கு அந்தக் கவலை இல்லை. கிடக்கும் தடி காலத்துக்கும் காக்காது; பத்து ஆண்டுகளில் வலு வெகுவாகக் குறைந்துவிடும். அதற்குள் பின்னால் வரும் கன்றுகள் பருக்கவேண்டும்.

மண்சரிவுக்கு வேறு கணக்கு. வேர்கள் செறிந்திருப்பது மேல் ஒன்றிரண்டு மீட்டரில். அந்த ஆழத்துக்குள் நழுவும் மேலோட்டச் சரிவைத்தான் அவை தைத்துப் பிடிக்கும். நழுவும் தளம் ஐந்து மீட்டரோ பத்து மீட்டரோ கீழே இருந்தால் மரம் மண்ணோடு சேர்ந்து, நின்ற நிலையிலேயே இறங்கும். மேலோட்டச் சரிவுக்கான காட்டில் ஒரு வெற்றிடம் 600 சதுர மீட்டருக்குள் இருக்கவேண்டும். அடுத்த தலைமுறைக் கன்றுகள் ஏற்கெனவே நன்றாகப் பிடித்துவிட்டிருந்தால் 1,200வரை போகலாம். வெட்டிய மறுநாளே சரிவு பலவீனமாகிவிடும் என்று நினைப்பது தவறு. செத்த வேர் சில ஆண்டுகள் பிடித்துக்கொண்டிருக்கும், பிறகு மட்கும். புதுக் கன்றின் வேரோ இன்னும் ஆழம் போயிருக்காது. வெட்டி சுமார் ஐந்து முதல் பதினைந்து ஆண்டுகளுக்குள், பழையது போய்ப் புதியது வராத அந்த இடைவெளியில்தான் அதிகம் சரியும். அதற்குள் வெட்டியவரும் மாறியிருப்பார், கோப்பும் மூடியிருக்கும். "ஒரு மரமும் வெட்டவில்லையே, எப்படிச் சரிந்தது?" என்று கேட்கப்படும் பல இடங்களில் பத்து ஆண்டுகளுக்கு முந்தைய வான்படத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

ஓடைக்கரைக்கு விதி தலைகீழ். வெள்ளம் தொடும் இடத்தில் பெருமரம் நிற்கக்கூடாது. பிடுங்கிக்கொண்டு போய்ப் பாலத்தடியில் குறுக்கே மாட்டினால், அதன் பின்னால் தண்ணீரும் சேறும் தேங்கி ஊருக்குள் பாயும்.

ஆக, காவற்காட்டில் முக்கால்வாசி வேலை கன்று வளர்ப்புதான். வெளிச்சம் விழச் சிறு திறப்புகள் வெட்டவேண்டும், அவை மேலே சொன்ன அளவுகளையும் தாண்டக்கூடாது. உயர்ந்த மலையில் கன்று பனிக்கு மேலே தலை நீட்டவே இருபது, முப்பது ஆண்டு பிடிக்கும். வரிசை வரிசையாக நடுவது அங்கே எடுபடாது. பனி நெடுநாள் தேங்கும் பள்ளங்களில் பூஞ்சணம் கன்றைக் கறுத்துக் கொன்றுவிடும். டாவோஸ் அருகே ஸ்டில்பெர்கில் 1975இல் 92,000 கன்றுகளைக் கட்டம் போட்டு நட்டார்கள். மூன்று இனங்களில் லார்ச் ஓரளவு பிழைத்தது, மற்ற இரண்டு இனங்களில் பெரும்பாலானவை போய்விட்டன. இப்போது மேட்டிலும் பழைய கட்டையை ஒட்டியும் கொத்துக்கொத்தாக நடுகிறார்கள். இத்தனையையும் செய்தபின் மான் வந்து ஃபிர் குருத்தைக் கடித்துவிட்டுப் போகும். வேட்டை அனுமதியைக் கூட்டாமல் காவற்காடு பேசுவது வெறும் பேச்சு என்பது என் அபிப்பிராயம்.

நயிஸ் முறையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு படிவம். இன்றைய நிலை, ஒன்றும் செய்யாவிட்டால் 10 ஆண்டில் எப்படி இருக்கும், 50 ஆண்டில் எப்படி இருக்கும் என்று எழுதி, தேவையான குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடவேண்டும். 50 ஆண்டிலும் அளவுக்கு மேலேயே நிற்கும் என்றால் யாரும் ரம்பத்தைத் தூக்கவேண்டாம். குறையும் என்றால், செய்யப்போகும் வேலை அதை உண்மையில் மாற்றுமா, செலவு தகுமா என்று பார்க்கவேண்டும்.

இனி நம் பக்கம். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலையை அழித்தது ஏறத்தாழ 1,550 மீட்டர் உயரத்தில், காட்டுப் பகுதியில் கிளம்பி, ஆற்றோடு சுமார் 8 கிலோமீட்டர் ஓடிய சரிவு. கிளம்பிய இடத்தில் மரம் இல்லாதது குறை என்று சொல்லமுடியாது. ஓடைப்பாதையில் வீடு இருந்ததுதான் உயிரை எடுத்தது. 2020 ஆகஸ்ட் 6 அன்று மூணாறு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தோட்ட லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) 70 பேர் போனதும் அப்படித்தான். பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். இப்படி ஓடையோடு இறங்கும் சேற்றுப் பெருக்குக்கு எந்தக் காவற்காடும் முழு விடையாகாது. நம்மவர்கள் கார் எடுத்துப் போகிற தூரத்தில், 2022 டிசம்பர் 16 அதிகாலையில், மலேசியாவின் பத்தாங் காலி முகாம் தளத்தில் 31 பேர் இறந்தார்கள். தளம் இருந்தது சாலைச் சரிவின் அடிவாரத்தில். கேமரன் மலையிலோ கெந்திங் வழியிலோ தங்குமிடம் பதிவு செய்யுமுன் வரைபடத்தில் இரண்டைப் பாருங்கள்: ஓடை வாய்க்கு நேர் கீழே இருக்கிறதா, சாலைக்கு வெட்டிய சரிவின் அடியில் இருக்கிறதா. சுற்றிலும் பச்சையாக இருப்பது தகுதிச் சான்று ஆகாது.

சிங்கப்பூரில் மலை என்று சொல்லிக்கொள்ள 163 மீட்டர் புக்கிட் தீமாதான். அதையே சரிவுகளைப் பலப்படுத்தவும் பாதைகளைச் சீராக்கவும் 2014 செப்டம்பரிலிருந்து 2016 அக்டோபர்வரை மூடியும் பகுதி பகுதியாகத் திறந்தும் வைத்திருந்தார்கள். இங்கே பாறை உருள்வதும் பனியும் இல்லை. வடகிழக்குப் பருவமழையில் மேலோட்டமாக நழுவும் மண்தான் பிரச்சினை. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் பிள்ளைகள் கட்டும் ஈரமணல் வீடு நிற்பதற்கும், அலை வந்து நனைத்ததும் உட்காருவதற்கும் என்ன காரணமோ அதேதான் இங்கும். முழுதாக நனையாத மண்ணில் துகள்களுக்கு இடையே உள்ள கொஞ்ச நீர் அவற்றை இழுத்துப் பிடிக்கும். நாள்கணக்கில் மழை பெய்து துளைகள் நிரம்பினால் அந்தப் பிடி போய்விடும். மரம் வேரால் பிடிப்பதோடு, நீரை உறிஞ்சி மண்ணை உலர்த்தியும் காக்கிறது. ஆனால் டிசம்பர், ஜனவரியில் வானம் மூடியே கிடக்கும் வாரங்களில் அந்த உலர்த்தல் நடப்பதில்லை. அதனால் இங்கே மரத்துக்குச் சமமாக வடிகாலும் முக்கியம். மேல் விளிம்பில் ஓடும் வடிகாலில் இலை அடைத்து நீர் வழிந்தால், எவ்வளவு நல்ல காடும் அந்த ஒரு இடத்தில் கிழியும்.

கொண்டோமினிய நிர்வாகக் குழுவில் இருப்பவர்களுக்கும், வீட்டுக்குப் பின்னால் சரிவு வைத்திருப்பவர்களுக்கும்: மேல் விளிம்பில் வளைவாக ஓடும் வெடிப்பு, முன்பு இல்லாத இடத்தில் கசியும் நீர், ஒரே திட்டில் மரங்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருப்பது, தடுப்புச்சுவரின் நீர்த்துளைகள் மழைக்குப் பிறகும் காய்ந்தே இருப்பது ஆகிய நான்கில் ஒன்று தெரிந்தாலும் பொறியாளரை அழையுங்கள், தோட்டக்காரரை அல்ல.

சரிவில் ஒரு மரம் விழும் நிலைக்கு வந்து அகற்றவேண்டியிருந்தால், முதலில் அனுமதி. மரப் பாதுகாப்பு வட்டாரத்தில் சுற்றளவு ஒரு மீட்டருக்கு மேற்பட்ட மரத்துக்குத் தேசியப் பூங்காக் கழகத்தின் ஒப்புதல் வேண்டும். பிறகு ஒப்பந்தத்தில் "அடிக்கட்டையை அரைத்து எடுக்கவேண்டாம்" என்று எழுதிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் பார்வைக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று தோண்டி எடுத்துவிடுவார்கள். அந்தக் குழி மழைநீரை நேரே சரிவுக்குள் இறக்கும். நம் சூட்டிலும் ஈரத்திலும் செத்த வேர் ஆல்ப்ஸைவிடச் சீக்கிரம் மட்கும் என்பதால், மாற்று மரத்தை வெட்டுவதற்கு முன்பே பக்கத்தில் நட்டு வேர் பிடிக்கவிடுவது நல்லது. இடைக்காலத்துக்கு வெட்டிவேர் கைகொடுக்கும்: சரிவுக்குக் குறுக்கே, சமமட்டக் கோட்டில், நாற்றுக்கு நாற்று 10 முதல் 15 சென்டிமீட்டர், வரிசைக்கு வரிசை உயரத்தில் ஒரு மீட்டர். நெருக்கத்தைக் குறைத்தால் வேலி மாதிரி அடையாது. இடைவெளிகளில் நீர் கூடி ஓடி அங்கேயே வாய்க்கால் போடும். இன்னொன்று, வெட்டிவேருக்கு முழு வெயில் வேண்டும். பெரிய மரத்தின் நிழலில் நட்டால் முதலில் நன்றாகப் பிடித்தமாதிரி தெரிந்து பிறகு மெலிந்து போகும். நிழல் உள்ள இடத்தில் மடிந்த இலையைக் கூட்டிப் பெருக்காமல் விடுங்கள், நிழல் தாங்கும் நாட்டுப் புதர்களை அடியில் வளருங்கள்.